அறுபத்தொன்று

எண்பத்து நான்கு வீடுகள்.
சாசனத்தில் ஒரு வரியைத் திருத்த
அறுபத்து மூன்று கையெழுத்து வேண்டும்.
போன முறை அறுபத்தொன்று.
அதற்கு முந்தின முறையும் அறுபத்தொன்று.
எண்ணுக்கும் பிடிவாதம் உண்டு போலிருக்கிறது.

அந்த வரி இதுதான்:
'பால்கனிப் பழுது அவரவர் பொறுப்பு.'
எழுபத்தெட்டில் யாரோ ஒரு வக்கீல் தட்டச்சு செய்தது.
பால்கனி அவரவருடையதுதான்,
ஒழுகுகிற நீர் கீழ்வீட்டுக்காரருடையது.
ஐந்தாம் மாடியில் உருகும் பனி
நான்காம் மாடிச் சுவரை ஊறவைத்து
மூன்றில் ஆர்வோ நீமியின் பியானோவுக்குள் இறங்குகிறது.
பியானோவின் மேல் ஒரு நீல வாளி.
வாசிக்கும்போது மட்டும் எடுத்துக் கீழே வைப்பார்.

முப்பது வருஷம் தபால் சுமந்தவள் நான்.
டுலூத்தின் ஏற்றம் ஒவ்வொன்றும் என் முழங்காலுக்கு மனப்பாடம்.
வெர்னா கதவைத் தட்டுவாள், கூச்சமில்லாதவள் என்றுதான்
என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.
தட்டினேன்.

பதினேழாம் எண்: ஓடெல் ரஸ்காம் போய் இரண்டு வருஷம்.
வீடு அவர் பெயரில், பிள்ளைகள் கோர்ட்டில்.
நாற்பது: ஒரு கம்பெனி.
வேறு மாநிலத்தில் அதற்கு ஒரு தபால்பெட்டி, ஆள் கிடையாது.
ஐம்பத்திரண்டு: அரிசோனாவில் வெயில் காய்கிறார்கள்,
காட்டு வாத்துகள் திரும்பிய பிறகுதான் வருவார்கள்.
சாசனத்தின் கணக்கில்
இவர்கள் எல்லாரும் 'வேண்டாம்' என்றவர்கள்.
உயிரோடிருப்பவரிடம் பேசிப் பார்க்கலாம்.
ஓடெலின் மறுப்பை என்ன செய்ய?

இப்போது சட்டசபையில் ஒரு மசோதா.
சீட்டு அனுப்பி அறுபது நாள் பதில் வராவிட்டால்
'சரி' என்று எழுதிக்கொள்ளலாமாம்.
மௌனம் சம்மதம்.
பழமொழியாய்க் கேட்டிருக்கிறேன்,
உட்பிரிவு எண்ணோடு கேட்பது இதுவே முதல் தடவை.

பிப்ரவரியில் செயின்ட் பாலுக்குப் பஸ் ஏறினேன்.
ஆளுக்கு இரண்டு நிமிஷம்.
ஆர்வோ தன் மெட்ரோனோமை வைத்து
என் பேச்சை நறுக்கிக் கொடுத்திருந்தார்,
'பியானோ' என்ற சொல்லை மட்டும் நறுக்கவில்லை.

வாசலில் ஒரு படிவம். பெயர், ஊர்.
ஆதரவா, எதிர்ப்பா, ஒரு கட்டத்தில் குறி இடவும்.
பேனாவைத் திறந்தபோதுதான் முப்பத்தொன்றாம் எண் ஞாபகம் வந்தது.
அயோன் ப்ரெக்கி.
பக்கவாதத்துக்குப் பிறகு சொல் வருவதில்லை,
வந்தாலும் கேட்டது வருவதில்லை.
ஆறு வருஷத்துக்கு முன் நாய்கள் கூடாது என்று
ஒரு திருத்தம் கொண்டுவந்தோம்.
அவள் சீட்டு குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியிலேயே கிடந்தது.
அன்றும் அறுபத்தொன்று.
பதில் போடாதவர்கள் சேர்ந்து
அவள் ஓட்டோவைக் காப்பாற்றிவிட்டார்கள்,
காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே.
இன்றைக்கும் லிஃப்டில் அது என் பூட்ஸை மோந்து பார்க்கிறது.
அந்த அறுபத்தொன்றில் ஒன்று என்னுடையது.
அது நாய்க்குத் தெரியாது. அயோனுக்கு
தெரியுமோ என்னவோ.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மைக்கில் பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன்.
வாளியைப் பற்றிச் சொன்னேன், நீலம் என்றுகூடச் சொன்னேன்.
பிறகு தாள் கையில் இருந்தது, வாய் வரவில்லை.
மஞ்சள் விளக்கு. சிவப்பு விளக்கு.
'நன்றி, திருமதி ஹாகென்சன்' என்றார் தலைவர்,
நல்ல மனிதர், அவருக்கும் பசித்திருக்கும்.

திரும்பும் வழியில், பஸ் நின்ற ஓர் எரிபொருள் நிலையத்தில்,
போனில் அன்றைய பதிவைத் திறந்தேன்.
ஆதரவு தெரிவித்தோர், வரிசை ஏழு:
வெர்னா ஹாகென்சன், டுலூத்.

இரவு பத்தரைக்கு ஆர்வோ கதவைத் திறந்தார்.
'என்ன சொன்னாய்?'
'ஆதரவு என்று எழுதியிருக்கிறார்கள்' என்றேன்.
அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.
வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்
குளியலறைக்குக் கொண்டுபோனோம்,
பாதி என் பூட்ஸில்.